டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

போர்க்களத்தில் ஆயிரம் பேரை மாய்த்த தளகர்த்தனுக்கு நாற்சந்தியில் சிலை எழுகிறது. நோய்ப் படுக்கையிலிருந்து லட்சக்கணக்கானோரை எழுப்பிவிட்டவனின் பெயரையோ, எழுந்து நடமாடுகிறவர்களே அறிவதில்லை. மருந்துக்குப் பெயர் உண்டு. மருந்தை விற்கும் கம்பெனிக்குப் பெயர் உண்டு. மருந்தைக் கண்டவனுக்குப் பெயர் இல்லை. இது உலகத்தின் இயல்பென்று சும்மா இருந்துவிடலாம். ஆனால் அப்படி மறக்கப்பட்டவர் நம் நாட்டில் பிறந்து, சென்னையில் கல்வி கற்று, சுதேசியத்தைக் கைவிட மறுத்து அதற்குரிய விலையையும் கொடுத்தவர் என்றால், அவருடைய சரித்திரத்தைத் தேசத்தின் வாலிபர்களுக்கு எடுத்துச் சொல்வது பத்திரிகைகளின் கடமையாகிறது. டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அத்தகைய பெரியார்.

கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கும் மாத்திரையிலும், யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாக வழங்கப்படும் மாத்திரையிலும், ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைக்கு ஏற்றப்படும் மருந்திலும் அவருடைய கைவண்ணம் இருக்கிறது. அக்கி என்று நாம் அழைக்கும் ஹெர்ப்பீஸ் வர்க்கத்து நோய்க்கும், அதே வர்க்கத்துக் கிருமியால் வாடும் குதிரைக்கும் பிற்காலத்தில் கிடைத்த மருந்துகளின் பூர்வ கதையை ஆராய்ந்தால், அங்கும் அவர் உழைத்த ஆராய்ச்சிச்சாலையில் போய் நிற்கிறோம்.

இளமையும் வறுமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் சொற்பச் சம்பளத்தில் உத்தியோகம் பார்த்தவர். தேக அசௌக்கியத்தால் நெடுநாள் உழைக்க இயலாதவர். குழந்தைகள் பலர். குடும்ப பாரம் தாயார் வேங்கம்மாவின் தோளில் விழுந்தது. பையனுக்கோ படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினான். நடுவழியில் பிடித்துக் கொண்டுவந்த தாயார் அவனைத் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். தகப்பனார் காலமான பிறகும் அந்த அம்மையார் தளரவில்லை. நகையை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்து, மூன்றாம் முறை எழுதியே சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பரீட்சையில் தவறிய பிள்ளையை உதவாக்கரையென்று ஒதுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பின்னர் பிரஸிடென்ஸி காலேஜில் படித்தபோது ராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு ஏற்பட்டது. சந்நியாசம் வாங்கிக்கொள்ள வேண்டுமென்ற ஆவல் அவருக்குப் பிறந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. துறவுக்கு இசைவு கிடையாமற்போகவே, சேவைக்கு உதவும் வித்தையாகிய வைத்தியத்தைக் கற்கத் துணிந்து சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். காவி உடுக்காவிட்டாலும், துறவியின் மனோபாவம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. 1919-இல் சேஷகிரி என்னும் அம்மையாரை மணந்தார்.

கதர் அங்கி

மகாத்மா காந்தி அன்னியத் துணி பகிஷ்காரத்துக்குத் தேசத்தை அழைத்த காலம் அது. கல்லூரியில் ரண சிகிச்சை மேஜையின் முன் நிற்கும் மாணவர்கள் அணிந்துகொள்ளும் அங்கி சீமைத் துணியாலானது. சுப்பாராவ் கதரில் அங்கி தைத்து உடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ரண சிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டு துரைக்கு அது பிடிக்கவில்லை. விளைவு பரீட்சை முடிவில் தெரிந்தது. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இந்தச் சம்பவத்தைச் சிலர் சிறியதாகக் கருதலாம். சிறியதன்று. ராணுவ பலத்தை எதிர்த்துக் களத்தில் நிற்கும் வீரம் ஒருவகை. நமது சிவகங்கைச் சீமையில், மருது சகோதரர்கள் 1801-இல் திருப்பத்தூரில் தூக்குமரம் ஏறிக் காட்டியது அந்த வீரம். எதிர்காலம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் பரீட்சகர் முன்னிலையில், ஏழைத் தாயின் நகை விற்ற பணத்தில் படிக்கும் மாணவன் ஒருவன் கதரை உடுத்து நிற்பது மற்றொரு வகை. முன்னதைப் பாட்டில் வைத்துப் பாடுகிறோம். பின்னதையும் சரித்திரத்தில் எழுத வேண்டும். பட்டத்தின் எழுத்துக்கள் குறைந்ததால் சென்னை வைத்திய இலாகாவில் உத்தியோகம் பெறும் முயற்சியும் பலிக்கவில்லை.

கிராணி காட்டிய வழி

அதற்குச் சில காலம் முன்பாகவே அவர் வீட்டில் பெருந்துயரம் நேர்ந்திருந்தது. குறுகிய இடைவெளியில் இரண்டு சகோதரர்களை கிராணி நோய்க்குப் பறிகொடுத்தார். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல் கழிந்து, ரத்தம் வற்றி, ஆள் எலும்புக்கூடாகி மடியும் கொடிய நோய் அது. கற்ற மேல்நாட்டு வைத்தியத்தில் அதற்கு மருந்தில்லை. அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத வைத்தியத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார்.

பிழைத்தவர் நன்றி மறக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் சரீர சாஸ்திர உபாத்தியாயராக அமர்ந்து, நம் நாட்டு மருந்துகளை நவீன முறையில் சோதித்து உலகத்தின் முன் நிறுத்த வேண்டுமென்று கனவு கண்டார். ஆனால் கனவுக்கு வேண்டிய ஆராய்ச்சிச்சாலை இங்கே இல்லை, கருவி இல்லை, பொருள் இல்லை. ராக்பெல்லர் உதவியில் இங்கு வந்திருந்த அமெரிக்க வைத்தியர் ஒருவரின் தூண்டுதலால் அமெரிக்கா செல்லத் தீர்மானித்தார். காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் உதவியும், மாமனாரின் பொருளுதவியும் வழிச்செலவுக்கு உதவின. 1922-ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரத்தில் கால் வைத்தார். இளம் மனைவியை விட்டுப் பிரிந்தார். அவர் கடல் கடந்த பின் பிறந்த மகன் சிசுப் பருவத்திலேயே இறந்தான். தகப்பன் அந்தக் குழந்தையின் முகத்தைக் கண்டதில்லை. தாய்நாட்டின் மண்ணையும் அவர் பின்னர் மிதிக்கவில்லை.

இரவில் ஏவலாள், பகலில் மாணவர்

ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் சேர்ந்தவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லை. இந்திய டாக்டர் பட்டத்தைக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்க அனுமதியில்லை. ஆகவே பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர ஏவலாளாக வேலை செய்தார். நோயாளிகளின் மலஜல பாத்திரங்களைச் சுத்தம் செய்வதும் அதில் அடங்கும். பள்ளியின் தலைவர் டாக்டர் ரிச்சர்டு ஸ்டிராங் அவரிடம் அன்பு கொண்டு உதவினார். டிப்ளமா பெற்றதும், உயிர் ரஸாயனத் துறையில் பேராசிரியர் ஓட்டோ போலினிடமும் சைரஸ் பிஸ்கேயிடமும் சேர்ந்தார்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் என்னும் கந்தகத்தை நிகர்த்த மூலப்பொருள் எவ்வளவு இருக்கிறதென்று துல்லியமாக அளப்பது அந்நாளில் கடினமாயிருந்தது. பிஸ்கேயும் சுப்பாராவும் 1925-இல் ஒரு புதிய முறையைக் கண்டார்கள். சோதிக்கும் திரவத்தில் சில ரஸாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அழுத்தமோ, பாஸ்பரஸ் அவ்வளவு. பிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரோடு அது உலகத்திலுள்ள ஆராய்ச்சிச்சாலைகளுக்கெல்லாம் பரவிற்று. பல தலைமுறை மாணவர்கள் அதைக் கற்றார்கள்.

தசையின் ரகசியம்

அளவுகோல் கிடைத்ததும் அதைக்கொண்டு தசையை அளந்தார்கள். தசை சுருங்கும்போது அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பது அக்காலத்துப் பெரிய கேள்வி. சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறுவதே காரணமென்று கருதிய ஹில், மேயர்ஹாப் என்னும் இரு விஞ்ஞானிகள் அத்துறை ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தார்கள். தசையில் நிலையற்ற ஒரு பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் உண்டென்று இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதிகளும் அதே சமயத்தில் கண்டனர். அது கிரியாட்டின் என்ற பொருளோடு பாஸ்பரஸ் கூடியதென்று 1927-இல் தெளிவாக நிரூபித்தவர்கள் பிஸ்கேயும் சுப்பாராவும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929-இல், அடினோஸீன் டிரைபாஸ்பேட் என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனித்து நின்று அதையே கண்டார்.

இதன் பெருமையை விளக்க அயல்நாட்டு உதாரணம் வேண்டாம். திருப்பத்தூருக்கு அருகில் சிறாவயலில் தை மாதத்து மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். திட்டிவாசலிலிருந்து காளை பாயும் முதற் பாய்ச்சலும், அதன் திமிலைப் பற்ற வாலிபன் எழும்பும் முதல் எழும்பலும், மூச்சு வாங்குவதற்கு முன்னே முடிந்துவிடுகின்றன. அந்தக் கணத்துக்கு வேண்டிய சக்தி அடினோஸீன் டிரைபாஸ்பேட்டிலிருந்து கிடைக்கிறது. அது செலவாகச் செலவாக, கிரியாட்டின் பாஸ்பேட் அதை ஈடு செய்கிறது. பந்தயக் குதிரை புறப்படும் முதற் சில விநாடிகளும் இந்தச் சேமிப்பில்தான் ஓடுகின்றன. எறும்பு முதல் யானை வரை, ஜீவராசிகளெல்லாம் வேலை செய்வதற்குக் கைமாற்றும் நாணயம் இதுவே. அந்த நாணயத்தைக் கண்ட இருவரில் ஒருவர் கதர் அங்கிக்காகப் பட்டம் இழந்த மாணவர்.

மறைந்த உழைப்பு

1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிரந்தர ஆசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. தாம் பிரித்தெடுத்த பொருள்கள் பலவற்றின் விவரம் வெளிவராமலே கிடந்தது. அதே துறையில் மாணவராயிருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் கண்டவை மறைந்து கிடந்ததால் மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து அவற்றைத் திரும்பவும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், பிஸ்கேயின் மனப்பான்மையே அதற்குக் காரணம் என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து உழைத்த இடத்தில் யார் பங்கு எவ்வளவென்று அளக்கும் நீல நிற முறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. இதைப்பற்றிச் சுப்பாராவ் எவரிடமும் வழக்காடவில்லை, சபை ஏறவில்லை, வேலையை மட்டும் விடவில்லை.

நாம் இங்கே பட்சபாதமின்றிப் பேச வேண்டும். அவருக்கு உணவளித்தது அமெரிக்கா; ஸ்டிராங்கும் போலினும் அமெரிக்கர். இந்தியருக்குப் பிரஜா உரிமை கிடையாதென்று 1923-இல் தீர்ப்பளித்து, 1946 வரையில் கதவை அடைத்து வைத்ததும் அதே அமெரிக்கா. கதவு திறந்த பிறகும் சுப்பாராவ் அந்நாட்டுப் பிரஜையாகவில்லை. ஆனால் அவரை முதலில் வெளியே தள்ளியது அமெரிக்கா அல்ல, அன்று சென்னையில் நடந்த அன்னிய ஆட்சி. இதை மறந்து ஹார்வர்டை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது.

குதிரைப் பண்ணையிலிருந்து பிறந்த ஆராய்ச்சிச்சாலை

1940-இல் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த பெர்ல் ரிவரில் லெடர்லே ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்குள் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். லெடர்லே ஸ்தாபனத்தின் பிறப்பே குதிரையோடு தொடர்புடையது. தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோய்க்கு முதன்முதற் கிடைத்த மருந்து குதிரையின் ரத்தத்தில் விளைந்தது. நோயின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடம்பில் ஏற்றினால், அதை முறிக்கும் சக்தி அதன் ரத்தத்தில் உண்டாகும். அந்த ரத்தத்தின் தெளிவை எடுத்துக் குழந்தைக்கு ஏற்றினால் குழந்தை பிழைக்கும். அந்த மருந்தைத் தயாரிக்கவே 1906-இல் லெடர்லே என்பவர் அந்த இடத்தைத் தொடங்கினார். பாம்புக் கடிக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விஷமுறிவு மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்து வருவதே. வயற்காட்டில் நாகம் தீண்டிப் பிழைத்து வந்த ஒவ்வொரு குடியானவனும் ஒரு குதிரைக்குக் கடன்பட்டவன்.

சுப்பாராவ் அந்த ஸ்தாபனத்தில் வேறொரு பாதையைத் திறந்தார். ஈரலிலும் கீரையிலும் ஈஸ்டிலும் சோகையைத் தீர்க்கும் ஒரு பொருள் இருப்பது தெரிந்திருந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் சோகையை ஈஸ்டுச் சத்தைக்கொண்டு தீர்க்கலாமென்று லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாது 1931-இல் காட்டியிருந்தார். 1941-இல் டன் கணக்கான பசலைக்கீரையிலிருந்து துளியளவு எடுத்து, இலையிலிருந்து வந்ததாகையால் போலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். கீரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால் உலகத்திலுள்ள நோயாளிகளுக்கு எக்காலத்தில் போதும்? சுப்பாராவின் தலைமையில் லெடர்லே விஞ்ஞானிகள் அதன் அமைப்பைக் கண்டு, 1945-இல் ரஸாயன முறையில் செய்து முடித்தார்கள். கிராணி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது வற்றிய ரத்தம் ஊறிற்று. தம் சகோதரர் இருவரைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து, உலகத்தின் மறுகோடியில் அமர்ந்து சுப்பாராவ் மருந்து கண்டார்.

போலிச் செங்கல்

போலிக் அமிலம் உயிரணு பெருகுவதற்கு இன்றியமையாதது. அப்படியானால், அதைப்போலவே தோற்றமளித்து அதன் வேலையைச் செய்யாத போலிப் பொருள் ஒன்றை உடம்பில் செலுத்தினால், வெறிகொண்டு பெருகும் புற்றணுக்கள் ஏமாந்து நின்றுவிடுமன்றோ? கொத்தனிடம் சுடாத செங்கல்லைக் கொடுத்தால் சுவர் எழும்பாது. இந்தக் கருத்தின்மேல் அமினாப்டெரின் என்ற மருந்து லெடர்லேயில் தயாராயிற்று. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸிட்னி பார்பர் அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது கண்டிருந்தது. அதுவரை சில வாரங்களில் மரணம் நிச்சயம் என்றிருந்த நோய் அது. அமினாப்டெரினின் தம்பியாகிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்குகிறது.

வேறு இரண்டு வெற்றிகளையும் குறிப்பிட வேண்டும். எழுபது வயது கடந்து ஓய்வு பெற்றிருந்த தாவர நிபுணர் பெஞ்சமின் டக்கரை அழைத்து, மண்ணில் வாழும் பூசணங்களைச் சோதிக்கச் செய்தார். பொன்னிறமான ஆரியோமைசின் அதன் பயன். 1948-இல் வெளிவந்த அதுவே டெட்ராசைக்ளின் வர்க்கத்தின் மூத்த மருந்து. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி எழுந்தபோது ஜனங்கள் டெட்ராசைக்ளினைத் தேடி ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். மற்றொன்று ஹெட்ரஸான். பசிபிக் தீவுகளில் போர் புரிந்த சிப்பாய்களை யானைக்கால் கிருமி பீடித்தபோது, அதற்கு மருந்து தேடிய லெடர்லே குழுவினர் 1947-இல் அதை வெளியிட்டனர். டை எத்தில் கார்பமஸைன் என்பது அதன் ரஸாயனப் பெயர். காவேரிக் கரையிலும் கடற்கரையூர்களிலும் தலைமுறை தலைமுறையாக வீங்கிய காலோடு நடந்தவர்களின் நோய்க்கு அது எதிரி. 2004 முதல் இந்திய சர்க்கார் நாடு தழுவிய முறையில் ஆண்டுதோறும் அதை வழங்கச் செய்தது. நாய்களின் இதயப்புழுவைத் தடுப்பதற்கும் அதைக் கொடுத்தார்கள்.

அக்கியும் புரவியும்

சிவகங்கைச் சீமையில் ஐயனார் கோயிலுக்குப் புரவி எடுக்கும் வழக்கம் உண்டு. மண்ணைக் குழைத்து அந்தக் குதிரைகளைச் செய்பவர் வேளார். ஒருவருக்கு மார்பிலோ இடுப்பிலோ கொப்புளம் கண்டு தீப்போல எரிந்தால், காவியைக் குழைத்து அக்கி எழுதுபவரும் அதே வேளார். புரவிக்கும் அக்கிக்கும் ஒரே கை. இதில் உள்ள பொருத்தத்தை நம் முன்னோர் அறிந்து செய்யவில்லை. ஆனால் நவீன சாஸ்திரம் கண்ட உண்மை அதனோடு விசித்திரமாக இசைகிறது. மனிதனுக்கு அம்மையும் அக்கியும் உதட்டுப் புண்ணும் தரும் வைரஸ்களும், பெட்டைக் குதிரைக்குக் கர்ப்பச் சிதைவும் குதிரைக்குட்டிக்குச் சளி நோயும் சில சமயம் பின்னங்கால் முடக்கமும் தரும் வைரஸும் ஒரே ஹெர்ப்பீஸ் குலத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை உடம்பில் புகுந்தால் அவை முற்றும் வெளியேறுவதில்லை. ஒளிந்திருந்து, உடம்பு தளர்ந்த சமயத்தில் தலை தூக்கும்.

இவற்றுக்கு மருந்து கண்ட கதை சுப்பாராவின் ஹார்வர்டு அறையை ஒட்டித் தொடங்குகிறது. முன்சொன்ன ஹிட்சிங்ஸ் அந்தத் துறையில், அடினோஸீன் டிரைபாஸ்பேட் ஆராய்ச்சியை ஒட்டிய வேலையில் பயின்று, உயிரணுவின் மூலச் செங்கற்களை நன்கு அறிந்துகொண்டவர். 1942-இல் வெல்கம் ஆராய்ச்சிச்சாலைக்குச் சென்றார். 1944-இல் கெர்ட்ரூடு எலியன் என்னும் பெண்மணி அவரோடு சேர்ந்தார். பெண்ணென்ற காரணத்தால் பல கதவுகள் தம் முகத்தில் அடைபடக் கண்டவர் அவர். போலிச் செங்கல்லைக் கொடுத்துக் கிருமியை ஏமாற்றும் வித்தையில் இருவரும் ஆயுளைச் செலவிட்டார்கள். எலியனின் குழுவினர் 1970-களில் அஸைக்ளோவிர் என்னும் மருந்தை உலகுக்கு விளக்கினார்கள். அது உடம்பில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹெர்ப்பீஸ் புகுந்த அணுவில் மாத்திரம், அந்தக் கிருமியின் சொந்த நொதியே அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அதன் பிறகு அது ஆயுதமாக மாறிக் கிருமியின் மரபுச் சங்கிலியை நடுவில் அறுக்கும். திருடனே தன் விலங்கைத் தானே பூட்டிக்கொள்வது போன்றது இது. பாஸ்பேட்டை அளக்கக் கற்ற துறையிலிருந்து கிளம்பிய அறிவு, பாஸ்பேட்டைக்கொண்டே வைரஸை வீழ்த்தியது. ஹிட்சிங்ஸும் எலியனும் ஜேம்ஸ் பிளாக் என்பவரோடு 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

குதிரைக்கும் பங்கு கிடைத்தது. அஸைக்ளோவிரை வாய் வழியாகக் கொடுத்தால் குதிரையின் உடம்பு அதைச் சரியாக ஏற்பதில்லை. ஆகவே அதன் மறுவடிவமாகிய வலஸைக்ளோவிரைக் குதிரை வைத்தியர்கள் கையாளுகிறார்கள். குதிரையின் சாதாரணத் தொற்றுக்கு வாய் வழியாகக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிமும், போலிக் அமிலத்தின் பாதையை அடைத்துக் கிருமியைக் கொல்வதே. அதுவும் ஹிட்சிங்ஸ் கூட்டத்தாரின் வேலை. நம் நாட்டில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தார், இந்நாட்டில் கிடைத்த கிருமியைக் கொண்டே குதிரை ஹெர்ப்பீஸுக்குத் தடுப்பூசி செய்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் சுப்பாராவ் கண்டாரென்று சொன்னால் அது பொய். அவர் வெட்டிய கிணற்றில் நீர் இறைத்தவர்கள் விளைவித்த பயிர் இது என்றால் அது மெய்.

முடிவும் மிச்சமும்

இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார்? கட்டுரைகளில் உடன் உழைத்தவர்களின் பெயரை முன்னிறுத்தினார். பத்திரிகை நிருபர்களை அண்டவிடவில்லை. விமானம் ஓட்டக் கற்று வானில் பறப்பதில் குழந்தைபோல் மகிழ்ந்தார். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி, உறக்கத்திலேயே இருதயம் நின்று காலமானார். வயது 53. தேசம் சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையச் சில தினங்களே இருந்தன. இருபத்தாறு ஆண்டுகளாகக் கணவனின் வரவை எதிர்பார்த்திருந்த சேஷகிரி அம்மையாருக்கு மரணச் செய்தியே வந்து சேர்ந்தது. ஒரு பூசணத்துக்கு விஞ்ஞானிகள் சுப்பாராவின் பெயரைச் சூட்டினார்கள். 1995-இல் நூற்றாண்டு விழாவின்போது இந்திய சர்க்கார் ஒரு தபால் தலை வெளியிட்டது. மற்றபடி அவருடைய ஞாபகார்த்தம் மருந்துக் கடையின் அலமாரிகளில்தான் இருக்கிறது.

அவர் இறப்பதற்குப் பதினைந்து தினங்களுக்கு முன், 1948 ஜூலை 25-ஆம் தேதி, திருப்பத்தூருக்கு அடுத்த காரைக்குடியில் ஒரு வைபவம் நடந்தது. டாக்டர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர்மமாகக் கொடுக்க, மத்திய மின் ரஸாயன ஆராய்ச்சி நிலையத்துக்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். செட்டிநாட்டுச் சத்திரங்களும் கோயில் திருப்பணிகளும் எத்தனையோ உண்டு. விஞ்ஞானத்துக்கு எழுப்பிய இந்தச் சத்திரம் அவை எதற்கும் குறைந்ததன்று. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கூரை சென்னையில் இருந்திருந்தால், சுப்பாராவ் காக்கிநாடா தர்மப் பணத்தை எடுத்துக்கொண்டு கப்பலேற வேண்டியிருந்திராது.

அன்று கூரை இல்லாததற்கு அன்னிய ஆட்சியின்மேல் பழி போட்டோம். அதில் நியாயம் இருந்தது. அந்த ஆட்சி ஒழிந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் நம் கலாசாலைகளில் தேறிய கெட்டிக்காரப் பிள்ளைகள் அதே பாஸ்டனுக்கே விமானம் ஏறுகிறார்களென்றால், இனிப் பழி போட வேறு ஆளைத் தேட முடியாது. கட்டடம் கட்டினால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவனுக்குக் கருவியும் காலமும் சுதந்திரமும் வேண்டும். உழைத்தவன் பெயர் உழைப்பின்மேல் இருக்க வேண்டும். மூன்று முறை பரீட்சை எழுதியவனுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அதிகாரியின் மனத்துக்கு ஒவ்வாத துணியை உடுத்தான் என்பதற்காக எவனுடைய பட்டமும் குறையக்கூடாது. அந்த அதிகாரி சீமையிலிருந்து வந்தவராயினும் சரி, நம்மவராயினும் சரி.

சுப்பாராவுக்குச் சிலை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவரே அதை விரும்பியிரார். பள்ளிக்கூடப் பாடத்தில் அவருடைய சரித்திரம் இடம்பெறட்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் ஓர் ஏழைப் பிள்ளைக்கு அவர் பெயரால் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கிடைக்கட்டும். தர்மத்துக்குப் பேர்போன செட்டிநாட்டில் இதற்குக் கை நீட்டுவோர் இல்லாமற் போகமாட்டார்கள். தாயின் நகையை விற்றுப் படிக்கும் அடுத்த பிள்ளை, தன் மருந்தைத் தன் ஊரிலிருந்தே உலகத்துக்கு அனுப்பும் நாள் வருமாயின், பெர்ல் ரிவரில் அணைந்துபோன அந்த ஜீவனுக்குத் தேசம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.